வலிப்பு உள்ளவர்களும் குடியும் போதையும்: மறுநாள் காலை வரை போட வேண்டிய கணக்கு

வலிப்பு நோய் உள்ள ஒருவருக்குக் குடியால் வலிப்பு வருகிறது என்றால், பெரும்பாலும் கிளாஸ் கையில் இருக்கும்போது வருவதில்லை. போதை இறங்கி, ரத்தத்தில் ஆல்கஹால் வற்றும் நேரத்தில் வருகிறது. விடிகாலையில், அல்லது எழுந்து பல் தேய்க்கப் போகும்போது. "ராத்திரி நன்றாகத்தானே இருந்தான், காலையில் ஏன் விழுந்தான்?" என்று வீட்டார் குழம்புவது இதனால்தான். ஜெர்மனியில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், குடியால் வலிப்பு வந்ததாகச் சொன்ன நோயாளிகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் குடித்து முடித்த 12 மணி நேரத்துக்குள் அது வந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் 1.4 லிட்டர் பியர் அல்லது 700 மில்லி ஒயின் அளவுக்குக் குறையாமல் குடித்திருந்தார்கள்.

காரணம் எளிது. மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் வேலையை 'காபா' என்ற வேதிப்பொருள் செய்கிறது; தூண்டும் வேலையை குளூட்டமேட் செய்கிறது. ஆல்கஹால் முதலாவதுக்கு வலுச் சேர்க்கிறது, இரண்டாவதை மட்டுப்படுத்துகிறது. குடிக்கும் நேரத்தில் மூளை அமைதியாக இருப்பது இப்படித்தான். ஆல்கஹால் வெளியேறியதும் அந்த அடக்குமுறை விலகி, தூண்டல் ஓங்கி நிற்கிறது. வலிப்பு இல்லாதவருக்கு இது பெரும்பாலும் கை நடுக்கத்தோடும் எரிச்சலோடும் போய்விடும். வலிப்பு நோய் உள்ளவருடைய மூளைக்கு அவ்வளவு தாங்கும் இடம் கிடையாது.

குடிக்கச் சொல்லவோ போதைக்கு அனுமதி கொடுக்கவோ இதை எழுதவில்லை. தொடாமலே இருப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் "தொடக்கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பலர் மறைத்துக் குடிக்கிறார்கள், மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். வலிப்பைக் கொண்டுவருவதில் அந்த இரண்டாவது விஷயம்தான் முதலிடத்தில் நிற்கிறது.

யார் அறவே தொடக்கூடாது

சிலருக்கு அளவு, நேரம் என்ற பேச்சே இல்லை. குடித்த மறுநாள் ஏற்கெனவே ஒருமுறை வலிப்பு வந்தவர்கள், நிற்காத வலிப்போடு ஐசியூவில் இருந்தவர்கள், மாதத்துக்கு மாதம் வலிப்பு வந்துகொண்டிருப்பவர்கள், மாத்திரை மாற்றியோ அளவு கூட்டிக் குறைத்தோ சில வாரமே ஆனவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முன்பு குடிக்கு அடிமையாக இருந்து மீண்டவர்கள். ஃபீனோபார்பிட்டோன், பிரிமிடோன், குளோபாசம், குளோனாசெபாம் எடுப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். ஏன் என்பது மருந்துகளைப் பற்றிய பகுதியில்.

பதின்ம வயதில் தொடங்கும் 'ஜுவனைல் மயோக்ளோனிக்' வகை வலிப்பு உள்ளவர்கள் தனி எச்சரிக்கைக்கு உரியவர்கள். இந்த வகைக்குத் தூக்கக் குறைவும் குடியும் நன்றாகத் தெரிந்த தூண்டுதல்கள். காலையில் எழுந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கைகள் திடீரென வெட்டி இழுக்கும். பிடித்திருக்கும் டம்ளரோ பிரஷ்ஷோ கையை விட்டுத் தெறிக்கும். பலர் இதை "ஹேங்ஓவர் நடுக்கம்" என்று விட்டுவிடுகிறார்கள். இது நடுக்கம் போல ஒரே சீராக இருக்காது. மின்சாரம் தாக்கியதுபோல ஒரு வெட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு வெட்டு என்று வரும். அப்படி வந்தால் உடனே தரையிலோ படுக்கையிலோ உட்கார்ந்துவிடுங்கள். அடுப்பு, மாடிப்படி, குளியலறை எதன் பக்கமும் போகாதீர்கள். விட்டுப்போன மாத்திரை இருந்தால் அப்போதே எடுங்கள். வெட்டுகள் அடுக்கடுக்காக வந்தால் பெரிய வலிப்பு பின்னாலேயே வரக்கூடும்.

எவ்வளவு என்பதை மில்லியில் அல்ல, கிராமில் கணக்கிடுங்கள்

"ரெண்டு ரவுண்டுதான்" என்பது அளவே இல்லை. கிளாஸுக்குக் கிளாஸ், பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். கணக்கு இதுதான்: மில்லி அளவை லேபிளில் உள்ள ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள், வந்ததை 0.79-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது சுத்த ஆல்கஹால், கிராமில்.

30 மில்லி விஸ்கி அல்லது ரம், 40% என்றால் சுமார் 9.5 கிராம். 60 மில்லி என்றால் 19. 330 மில்லி பியர், 5% என்றால் 13. அதே பியர் 650 மில்லி பாட்டிலாகவும் 8% ஸ்ட்ராங்காகவும் இருந்தால் 41 கிராம். அதாவது ஒரே ஒரு பாட்டில் பியர் குடித்தவர் நான்கு சின்ன பெக் விஸ்கிக்குச் சமமாகக் குடித்திருக்கிறார். "நான் ஹாட் தொடமாட்டேன், பியர் மட்டும்தான்" என்பவர்கள் ஏமாறும் இடம் இது. 150 மில்லி ஒயின், 12% என்றால் 14 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்கிறது. அமெரிக்காவில் அது 14 கிராம், பிரிட்டனில் ஒரு 'யூனிட்' 8 கிராம். இணையத்தில் "2 டிரிங்க்" என்று படித்தால் எந்த ஊர் டிரிங்க் என்று பார்க்க வேண்டும். வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டு, மாத்திரை ஒழுங்காக எடுக்கும் பெரும்பாலான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 10 முதல் 20 கிராம் வரை, அதுவும் எப்போதாவது என்றால், வலிப்பு கூடுவதாகத் தெரியவில்லை. மூன்று டிரிங்க், அதற்கு மேல் என்று போகும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. 20 கிராமை உச்சவரம்பாக வையுங்கள். குறி வைத்து எட்ட வேண்டிய இலக்காக அல்ல.

இப்போது நேரக் கணக்கு. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 8 கிராம் ஆல்கஹாலைத்தான் எரிக்கும். காபி குடித்தாலும் குளித்தாலும் வாந்தி எடுத்தாலும் இந்த வேகம் மாறாது. இரவு 8 மணிக்குத் தொடங்கி 12 மணிக்குள் நான்கு லார்ஜ், அதாவது 60 மில்லி நான்கு தடவை குடித்தவர் உள்ளே விட்டது 76 கிராம். அது தீர ஒன்பதரை மணி நேரம் ஆகும். காலை ஐந்தரைக்கு ரத்தம் தெளியும். ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு அலாரம் அடித்து எழுந்தால், தூக்கம் ஐந்து மணி நேரம், அதிலும் பின்பாதித் தூக்கம் ஆல்கஹாலால் உடைந்த தூக்கம். ராத்திரி மாத்திரையும் விட்டுப்போயிருந்தால்? ஆல்கஹால் விலகல், தூக்கக் குறைவு, மருந்துக் குறைவு என்று மூன்றும் ஒரே மணி நேரத்தில் சந்திக்கின்றன. வலிப்பு வர இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

மாத்திரையை விடாதீர்கள்

"இன்று குடிக்கப் போகிறேன், மருந்தும் சரக்கும் சேரக்கூடாது, அதனால் ராத்திரி மாத்திரை வேண்டாம்." இந்த யோசனை பொறுப்பானதுபோலத் தோன்றும். நாம் பார்க்கும் தவறுகளில் இதைவிடக் கெட்டது இல்லை.

லெவிடிராசிட்டம் என்ற வலிப்பு மாத்திரையை உதாரணமாகப் பார்ப்போம். ரத்தத்தில் அது ஏறக்குறைய 7 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். காலை 8 மணி மாத்திரைக்குப் பிறகு ராத்திரி மாத்திரையை விட்டால், மறுநாள் காலை 8 மணிக்கு 24 மணி நேரம் ஓடியிருக்கும். காலை மாத்திரையின் உச்ச அளவில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் மிஞ்சியிருக்கும். ஃபீனோபார்பிட்டோன் அப்படியல்ல, நாலைந்து நாள் ஆனாலும் பாதிதான் குறையும். உங்கள் மாத்திரை எந்த வகை என்று தெரியாமல் "ஒரு வேளைதானே" என்று சொல்ல முடியாது.

ஆகவே முறை இது: குடிக்கப் போகும் முன்பே, சாப்பாட்டோடு, வழக்கமான நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வழக்கமான நேரம் இரவு 10 என்றால் போனில் அலாரம் வைத்து, அந்த ஒரு வேளை மாத்திரையைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். மாத்திரையையும் முதல் கிளாஸையும் ஒரே மூச்சில் இறக்க வேண்டாம். சில நீண்டநேர டோபிராமேட் கேப்ஸ்யூல்களை ஆல்கஹாலுக்கு 6 மணி நேரம் முன்னும் பின்னும் எடுக்கக்கூடாது என்று லேபிளிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட கேப்ஸ்யூல் எடுப்பவர் அன்று குடிக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாத்திரை நேரத்தை மாற்றி வைக்க முடியாது.

வாந்தி எடுத்தால்? வாந்தியில் முழு மாத்திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். மாத்திரை போட்ட சில நிமிடங்களிலேயே வாந்தி வந்தாலும் அது உடம்பில் சேர்ந்திருக்காது. அந்த நிலையில் இன்னொன்று போடலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில் கேட்க ஆள் கிடைக்கமாட்டார். விட்டுப்போன மாத்திரை நினைவுக்கு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள். லாமோட்ரிஜின் எடுப்பவர் குடியும் ஊர்சுற்றலுமாக ஐந்தாறு நாள் மாத்திரையை மறந்திருந்தால் தானாகப் பழைய அளவில் தொடங்கக்கூடாது. தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமை வரலாம். மருத்துவர் மறுபடி சின்ன அளவிலிருந்து ஏற்றுவார்.

எந்த மருந்தோடு என்ன ஆகும்

ஃபீனோபார்பிட்டோன், பிரிமிடோன், குளோபாசம், குளோனாசெபாம் ஆகியவை ஆல்கஹாலைப் போலவே காபா வழியாக வேலை செய்பவை. இரண்டும் சேர்ந்தால் போதை கூடுவது மட்டுமல்ல, மூச்சு மந்தமாகும். தூக்கத்தில் மூச்சு நின்று போனவர்கள் உண்டு. இதில் "ஒன்றே ஒன்று" என்ற பேச்சு வேண்டாம்.

ஃபெனிட்டாய்ன் விசித்திரமானது. ஒரே நாளில் நிறையக் குடித்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல் வரும். பார்ப்பவர் போதை என்றே நினைப்பார். தினமும் குடித்துக்கொண்டே இருந்தால் கல்லீரல் அதை வேகமாக எரிக்கப் பழகி, அளவு இறங்கி வலிப்பு வரும். ஒரே மருந்து, இரண்டு திசையிலும் கெடுதல்.

சோடியம் வால்புரோயேட் கல்லீரலுக்குச் சுமை. தொடர்ந்து குடிப்பவருக்கு அது இரட்டைச் சுமை. பெராம்பனெல் எடுப்பவர்களில் சிலருக்குக் கோபமும் மூர்க்கமும் வரும். ஆல்கஹால் அதைப் பெரிதாக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். லெவிடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் தரும். குடித்த மறுநாள் மனம் கீழே இறங்கும்போது அது மோசமாகலாம். தற்கொலை எண்ணம் எட்டிப் பார்த்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள்; மருத்துவர் மருந்தை மாற்றித் தர முடியும்.

கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன் எடுப்பவர்கள் சோடியத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்துகளே ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். சாப்பாடு இல்லாமல் லிட்டர் கணக்கில் பியர் குடித்தால் இன்னும் நீர்த்துப்போகும். சோடியம் மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். "ஹேங்ஓவருக்குத் தண்ணீர் நிறையக் குடி" என்ற அறிவுரையை இவர்கள் அப்படியே பின்பற்றக்கூடாது. தாகத்துக்குக் குடித்தால் போதும், உப்புள்ள உணவோடு.

மற்ற போதைகள்

இங்கே எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. சில போதைப்பொருட்கள் வலிப்பை நேரடியாகத் தூண்டும். சில தூக்கத்தையும் மாத்திரை ஒழுங்கையும் கெடுத்து வழிவிடும்.

முதல் வரிசையில் கொக்கைனும் ஆம்ஃபெடமின், மெத் வகைகளும். வலிப்பு நோயே இல்லாதவருக்குக்கூடக் கொக்கைன் முதல் தடவையிலேயே வலிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. பெரும்பாலும் எடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குள். மெத் எடுத்தவர் இரண்டு மூன்று நாள் தூங்கமாட்டார், சாப்பிடமாட்டார், மாத்திரை நினைவிருக்காது. பொருளே செய்யாவிட்டாலும் இந்த விழிப்பு செய்துவிடும். எக்ஸ்டசி என்கிற எம்டிஎம்ஏ உடல் சூட்டை ஏற்றும், தாகத்தைக் கூட்டும், உடம்பிலேயே தண்ணீரைத் தேக்கும். ஆடிக்கொண்டே லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்து சோடியம் சரிந்து வலிப்பில் விழுபவர்கள் இதில்தான் அதிகம். கார்பமாசெபைனோடு எம்டிஎம்ஏ சேர்ந்தால் இரண்டும் சோடியத்தைக் கீழே இழுக்கின்றன.

டிரமடாலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது 'வெறும் வலி மாத்திரை' என்ற பெயரில் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். போதைக்காக நாலு, எட்டு என்று விழுங்குபவர்களுக்கு வலிப்பு வருவது சாதாரணம். வலிப்பு நோய் உள்ளவருக்கு வழக்கமான அளவிலேயே வரலாம். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். பல் வலிக்கோ முதுகுவலிக்கோ யாராவது எழுதிக்கொடுத்தாலும் "எனக்கு வலிப்பு இருக்கிறது" என்று சொல்லி வேறு கேளுங்கள். ஹெராயின், பிற ஓபியம் வகைகளில் மூச்சு மந்தமாகி, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து வலிப்பு வரும். பிரகாபலின், காபாபென்டின் எடுப்பவர் ஓபியத்தைச் சேர்த்தால் மூச்சு நிற்கும் வாய்ப்பு கூடும். போதையிலிருந்து மீள மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவருக்குக் கார்பமாசெபைனோ ஃபெனிட்டாய்னோ ஃபீனோபார்பிட்டோனோ புதிதாகத் தொடங்கினால் மெத்தடோன் அளவு இறங்கி, உடம்பு முறுக்கத் தொடங்கும்; இரண்டு மருத்துவர்களும் ஒருவர் எழுதுவதை மற்றவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கஞ்சாவைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். "வலிப்புக்கே கஞ்சா மருந்து" என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை இவ்வளவுதான்: கஞ்சாச் செடியில் உள்ள கன்னாபிடையால் என்ற ஒரு பொருளைச் சுத்திகரித்து, எடைக்கேற்ற அளவில் தரும் மருந்துக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. லெனாக்ஸ்-காஸ்டோ, ட்ராவே என்ற இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்கு. போதை தருவது அதல்ல, டிஎச்சி என்ற இன்னொரு பொருள். புகைக்கும் கஞ்சாவில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. டிஎச்சி சிலருக்கு வலிப்பைக் குறைத்ததாகவும் சிலருக்குக் கூட்டியதாகவும் இருக்கிறது. கன்னாபிடையால் எண்ணெயை வாங்கித் தானாக எடுப்பவருக்கு இரண்டு சிக்கல்: குளோபாசத்தோடு சேர்ந்தால் அதன் வீரியமுள்ள சிதைபொருள் ரத்தத்தில் பல மடங்கு ஏறித் தூங்கித் தூங்கி விழுவார்; வால்புரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரலாம்.

கஞ்சா என்ற பெயரில் விற்கும் செயற்கைச் சரக்கு வேறு ரகம். காய்ந்த இலைமேல் ரசாயனம் தெளித்து வரும் 'ஸ்பைஸ்' போன்றவை, இயற்கை டிஎச்சியைவிட அதே ஏற்பியைப் பல மடங்கு வலுவாகத் தூண்டும். வலிப்பு இவற்றின் நன்கறிந்த விளைவு. கஞ்சாவே எடுப்பவர்கூட இதைத் தொடக்கூடாது.

மருந்துக்கடை வழியாக வரும் போதைகளும் உண்டு. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளை வாரக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரும், வலிப்பு நோய் இல்லாதவருக்கும். இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், அலர்ஜி மாத்திரையான டைஃபென்ஹைட்ரமின் ஆகியவை அதிக அளவில் வலிப்பைத் தூண்டும். கோந்து, தின்னர், பெட்ரோல் முகர்வதில் வலிப்போடு, இதயம் திடீரென நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. ஜிஎச்பி என்ற மயக்கம் தரும் போதைப்பொருள் ஆல்கஹாலோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்தும். மனநல மருந்தான லித்தியம் எடுப்பவர்கள் எல்எஸ்டியைச் சேர்த்து எடுத்து வலிப்பு வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

புகையிலையை இந்தப் பட்டியலில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. வேப் பிடித்த இளைஞர்களுக்கு வலிப்பு வந்ததாக வந்த தகவல்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் வெளியிட்டது. நிக்கோடின் மிகைக்கு வலிப்பு ஒரு அறிகுறி. சிகரெட்டை விட விரும்புபவருக்கு இன்னொன்று: அதற்காகத் தரப்படும் புப்ரோபியான் மாத்திரை வலிப்பு உள்ளவர்களுக்குக் கூடாது. நிக்கோடின் பேட்ச் போன்ற வேறு வழிகளைக் கேளுங்கள்.

அந்த ஓர் இரவுக்கான ஏற்பாடு

போவது என்று முடிவெடுத்துவிட்டால், முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்று குடி வேண்டாம். மறுநாள் காலை வேலை, பயணம், பரீட்சை இருந்தாலும் வேண்டாம். அலாரம் இல்லாமல் எழும் நாளாக இருக்க வேண்டும்.

கூட வருபவர்களில் ஒருவராவது அன்று குடிக்காதவராக இருக்கட்டும். உங்களுக்கு வலிப்பு உண்டு, எப்படி வரும், எத்தனை நிமிடத்தில் நிற்கும், எந்த மாத்திரை, யாருக்குப் போன் செய்வது என்பதை அவருக்கு முன்பே சொல்லிவையுங்கள். போனின் பூட்டுத் திரையில் மருத்துவத் தகவலைச் சேர்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கண்கூசும் விளக்கு வெட்டி வெட்டி எரியும் இடத்தை ஒளியால் வலிப்பு தூண்டப்படுபவர்கள் தவிர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு விளக்கைவிட விடிய விடிய விழிப்பதுதான் பிரச்சினை.

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே தொடங்குங்கள். உங்கள் கிளாஸை நீங்களே அளந்து ஊற்றுங்கள்; மற்றவர் ஊற்றினால் கணக்கு போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சின்ன டிரிங்குக்கு மேல் வேண்டாம், இரண்டோடு நிறுத்துங்கள். எனர்ஜி டிரிங்க் கலக்காதீர்கள்: கஃபீன் போதையை மறைக்கும், அளவு தெரியாமல் போகும், தூக்கமும் கெடும். ஆல்கஹாலோடு வேறு எந்தப் போதையையும் சேர்க்காதீர்கள்.

படுக்கும்போது தாழ்வான படுக்கை, பக்கவாட்டில், தனி அறையில் கதவைத் தாழிடாமல். காலையில் அடுப்படி, குளியல் தொட்டி, நீச்சல், மாடி ஓரம், வண்டி எதுவும் முற்பகல் வரை வேண்டாம். குளித்தே ஆக வேண்டுமென்றால் உட்கார்ந்து, கதவைப் பூட்டாமல். காலை மாத்திரையை எழுந்ததும் எடுங்கள்.

குடித்திருப்பவருக்கு வலிப்பு வந்தால்

இங்கே நடக்கும் பெரிய தவறு, "சரக்கு அதிகமாகிவிட்டது, படுக்கட்டும்" என்று விட்டுவிடுவது. வலிப்புக்குப் பிறகு வரும் குழப்பமும் போதையும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். நாக்கைக் கடித்த ரத்தம், நனைந்த உடை, ஒரே பக்கமாகத் திரும்பிய கண், திடீரென விழுந்தது, சிறிது நேரம் முகம் நீலமானது இவை வலிப்பின் அடையாளங்கள். விழுந்ததில் தலை அடிபட்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். போதையில் இருப்பவர் வலியைச் சொல்லமாட்டார்.

கடிகாரத்தைப் பாருங்கள், தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். தலைக்குக் கீழே மடித்த துணி வையுங்கள், பக்கத்திலுள்ள பாட்டிலையும் கண்ணாடியையும் அகற்றுங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குடித்தவருக்கு வாந்தி வருவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மல்லாக்கப் படுத்தால் அது நுரையீரலுக்குப் போகும். முழுதாக நினைவு திரும்பும் வரை தண்ணீர், மோர், மாத்திரை எதுவும் வாயில் தராதீர்கள்.

5 நிமிடத்தைத் தாண்டினால், ஒன்று நின்று நினைவு திரும்பும் முன் இன்னொன்று வந்தால், மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் கீழே இருந்தால், உதடு நீலமாகவே இருந்தால், தலையில் அடி இருந்தால், தண்ணீரில் விழுந்திருந்தால், வேறு போதைப்பொருள் எடுத்திருந்தால் உடனே ஆம்புலன்ஸ். அவசரத்துக்கு மிடாசோலம் ஸ்பிரேயோ டயாசெபாமோ கையில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஆல்கஹாலோ ஓபியமோ உள்ளே இருக்கும்போது அது மூச்சை மேலும் மந்தமாக்கும். குடித்திருந்தால் தரலாமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். தந்தால், ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் அவர் என்ன குடித்தார், என்ன எடுத்தார், எப்போது, கடைசி வலிப்பு மாத்திரை எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். ஆல்கஹால் விலகலால் வரும் வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் பயன்படாது, லோராசெபாம் வகை வேண்டும். நெடுநாள் குடிப்பவருக்கு தையமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் ஃபீனோபார்பிட்டோனோ குளோனாசெபாமோ தெரிந்தால் அது போதைக்காக எடுத்தது அல்ல என்று காட்ட மருந்துச் சீட்டின் படம் போனில் இருக்கட்டும்.

தினமும் குடிப்பவர் நிறுத்த நினைத்தால்

தானாக, ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவருக்கு நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் உளறல், இல்லாததைக் காண்பது, காய்ச்சல், படபடப்பு என்று உயிருக்கே ஆபத்தான கட்டம் வரலாம். ஒவ்வொரு தடவை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த விலகல் இன்னும் கடுமையாகும் போக்கு உண்டு. வலிப்பு வரலாறு உள்ளவருக்கு இந்த நாட்கள் மருத்துவமனையில் கழிவதே சரி. அங்கே குளோர்டயாசெபாக்சைடு, லோராசெபாம் போன்றவற்றை அளந்து கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். மருத்துவமனையில் சேரும் வரை குடியின் வழக்கமான அளவைத் திடீரென அறுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. கேட்க முரணாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

குடியை விட்ட பிறகு தரும் மருந்துகளிலும் தேர்வு உண்டு. டைசல்ஃபிரம் ஃபெனிட்டாய்ன் அளவை ஏற்றும், வலிப்பையும் தூண்டலாம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை பற்றிக் கேளுங்கள். ஓபியம் வகை எதையும் எடுப்பவருக்கு நால்ட்ரெக்சோன் கூடாது, சிறுநீரகம் பழுதானவருக்கு அகாம்ப்ரோசேட் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது கையில் ஒரு தாள் போதும். கடந்த மூன்று மாதத்தில் குடித்த நாட்கள், ஒவ்வொரு நாளும் எத்தனை கிராம், அன்று எத்தனை மணி நேரத் தூக்கம், விட்டுப்போன மாத்திரைகள், வலிப்பு வந்த தேதியும் நேரமும். வேறு போதை எடுத்திருந்தால் அதுவும். நேரத்தைக் குறிக்கும் அந்தப் பத்தியை மருத்துவர் முதலில் பார்ப்பார்: வலிப்புகள் எல்லாம் குடித்த மறுநாள் காலையில் கொத்தாக விழுந்திருந்தால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் பேச வேண்டியது வேறு.